பொருள்களின் ஆயுட்கணக்கு

நிலையாமையைப் பாடாத தமிழ் நீதிநூல் அரிது. நாலடியாரின் முதல் மூன்று அதிகாரங்கள் செல்வம் நிலையாமை, இளமை நிலையாமை, யாக்கை நிலையாமை. திருக்குறளிலும் நிலையாமைக்குத் தனி அதிகாரம் உண்டு. தோன்றியது அழியும் என்பதில் நம் புலவர்களுக்கு ஐயம் இருந்ததில்லை. அழிவது உறுதி என்று கண்டபின் அவர்கள் கேட்ட கேள்வி, அதற்குள் நாம் செய்யவேண்டிய அறம் யாது என்பது. அதே உண்மையிலிருந்து வேறொரு கேள்விக்குப் போனவர்களும் உண்டு. ஒரே நாளில் பிறந்த நூறு பேரில் பத்தாண்டு கழித்து எத்தனை பேர் இருப்பர்? ஒரே பட்டறையில் உருவான நூறு இரும்பு அச்சுகளில் பத்தாயிரம் மைல் ஓடியபின் எத்தனை முறிந்திருக்கும்?

பொறியியல் என் துறையன்று. தமிழ் கற்பிப்பவன் நான். ஆயினும் இந்தக் கேள்விகளின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, எந்திரங்களைக் காட்டிலும் மனிதர்களைப் பற்றியே அது அதிகம் பேசுவதாகத் தோன்றியது. இலக்கிய வாசகர்களிடம் இதைப் பகிர்ந்துகொள்ளத் துணிந்தது அதனால்தான்.

1. துணி வணிகரின் பட்டியல்

பதினேழாம் நூற்றாண்டு லண்டனில் வாரந்தோறும் இறப்புப் பட்டியல் அச்சாகி வெளிவரும். எந்தத் தேவாலயப் பங்கில் எத்தனை பேர், என்ன காரணத்தால் இறந்தனர் என்பது அதில் இருக்கும். கொள்ளைநோய் தலைகாட்டுகிறதா என்று பார்த்து, வசதியுள்ளோர் ஊரைவிட்டுக் கிளம்ப அது பயன்பட்டது. மற்றபடி, படித்துவிட்டுத் தூக்கியெறியும் தாள். ஜான் கிராண்ட் என்ற துணி வணிகர் பல்லாண்டுப் பட்டியல்களை ஒன்றுசேர்த்து வைத்துக்கொண்டு கூட்டவும் கழிக்கவும் தொடங்கினார். 1662இல் அவருடைய நூல் வெளிவந்தது. பிறக்கும் நூறு பேரில் 36 பேர் ஆறு வயதுக்குள் இறக்கின்றனர், பதினாறு வயதில் எஞ்சுவோர் 40, இருபத்தாறில் 25, எழுபத்தாறில் ஒருவர். பட்டியல்களில் இறந்தவரின் வயது குறிக்கப்படாத காலம் அது. குழந்தைகளுக்கே வரும் நோய்கள், முதுமைக்குரிய சாவுகள் ஆகியவற்றை வைத்துக் கிராண்ட் ஊகித்த எண்களே இவை. ஊகம் பிசகலாம், கேள்வி சரியானது. ‘யார் சாவார்’ என்று கேட்காமல் ‘எத்தனை பேர் எஞ்சுவர்’ என்று கேட்ட முதல் அட்டவணை இதுவே எனலாம்.

வால்மீனால் பெயர்பெற்ற எட்மண்ட் ஹாலி, வயதும் குறிக்கப்பட்ட உண்மையான பதிவுகளைப் பிரெஸ்லாவ் நகரிலிருந்து பெற்று, 1693இல் இதைவிடத் திருத்தமான அட்டவணை ஒன்றை வெளியிட்டார். அதை வைத்து ஆயுள்வரை தரப்படும் ஆண்டுத்தொகையின் விலையை எப்படிக் கணக்கிடுவது என்றும் காட்டினார். ஆயுள் காப்பீட்டுத் தொழிலின் கணித அடித்தளம் அங்கே இடப்பட்டது.

பெஞ்சமின் கோம்பெர்ட்ஸ் அடுத்து வருகிறார். யூதர் என்பதால் பல்கலைக்கழகக் கதவு அவருக்குத் திறக்கவில்லை. கணிதத்தைத் தாமே கற்றார். 1825இல் எழுதிய கட்டுரையில், நடுவயதுக்குப் பின் சாவின் வேகம் ஆண்டுக்காண்டு ஒரே விகிதத்தில் பெருகுகிறது என்று காட்டினார். அந்தச் சூத்திரத்தைவிட, அதற்கு அவர் சொன்ன காரணம் நம் வரலாற்றுக்கு முக்கியம். சாவுக்கு இரு காரணங்கள் ஒருங்கே இருக்கலாம் என்றார். ஒன்று, உடலில் எந்தத் தேய்வும் இல்லாதபோதும் நேரும் தற்செயல். மற்றொன்று, சாவை எதிர்த்து நிற்கும் ஆற்றல் நாள்தோறும் குறைந்துகொண்டே போதல். இவற்றோடு கிராண்டின் பட்டியலில் தெரியும் குழந்தைச் சாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறவிக் குறை, தற்செயல், தேய்வு என மூன்று வகை கிடைக்கின்றன. சாவின் வேகத்தைக் கோடாக வரைந்தால், தொடக்கத்தில் உயர்ந்து, நடுவில் தாழ்ந்து படுத்து, முடிவில் மீண்டும் உயரும். பின்னாளில் பொறியாளர்கள் இதற்கு வைத்த பெயர் ‘குளியல்தொட்டிக் கோடு’. எந்திர உறுப்புகளுக்காக வரையப்படும் அந்தக் கோட்டின் மூதாதை, மனிதரின் சாவுக் கோடு.

2. முறிந்த அச்சு

1842ஆம் ஆண்டு மே 8. பிரெஞ்சு மன்னர் லூயி பிலிப்பின் விழாவைக் காண வெர்சேய்க்குப் போயிருந்த கூட்டம் பாரிசுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. மெதோன் அருகே, முன்னால் இழுத்துச்சென்ற எஞ்சினின் அச்சு முறிந்தது. பின்னால் வந்த வண்டிகள் அதன்மேல் ஏறித் தீப்பற்றின. பயணிகள் ஓடும் வண்டியிலிருந்து குதித்துவிடக்கூடாது என்ற அக்கறையால் பெட்டிக் கதவுகள் வெளியே பூட்டப்பட்டிருந்தன. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அண்டார்டிக் கடல்வரை போய் உயிரோடு மீண்டிருந்த கடலோடி துமோன் துர்வில், மனைவியோடும் மகனோடும் அங்கே எரிந்துபோனார்.

அச்சு ஏன் முறிந்தது? நல்ல இரும்பு, எடைக்குத் தாங்கக்கூடியது, நேற்றுவரை தாங்கியது. முறிந்த முகத்தைப் பார்த்தவர்களுக்கு அது படிகம்போல மின்னுவதாகத் தெரிந்தது. ஓடும் அதிர்வில் நாராக இருந்த இரும்பு படிகமாக மாறி உடைகிறது என்ற கருத்து அன்று செல்வாக்கோடு இருந்தது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் ரேங்கின் என்ற இளைஞர் 1843இல் இதை மறுத்து எழுதினார். முறிந்த அச்சுகளை ஆராய்ந்து, பருத்த பகுதி சிறுத்துத் திரும்பும் கூரிய மூலையில் நுண்ணிய வெடிப்பு தொடங்கி, வெளியிலிருந்து உள்நோக்கிச் சிறுகச்சிறுக வளர்வதைக் காட்டினார். அந்த மூலையைக் கூர்மையாக விடாமல் வளைவாக அமைக்கவேண்டும் என்றும் சொன்னார். முறிந்த நாளன்று நேர்ந்தது முடிவு மட்டுமே; முறிவு பலகாலமாக உள்ளே நடந்துகொண்டிருந்தது.

இதை எண்ணாக மாற்றியவர், ஜெர்மானிய இரயில்வே பொறியாளர் ஆகஸ்ட் வோலர். 1850களின் இறுதியிலிருந்து 1870வரை அவர் செய்தது ஏறத்தாழ ஒரே சோதனைதான். உருளும் அச்சின் ஒவ்வொரு சுற்றிலும் அதன் மேல்புறம் இழுபடும், கீழே வரும்போது அமுங்கும். அதே இழுத்தலையும் அமுக்குதலையும் எந்திரம் ஒன்றில் தந்து, முறியும்வரை சுற்றவிட்டு, சுற்றுகளை எண்ணினார். சில துண்டுகள் பல இலட்சம் சுற்றுகள் சுற்றின. ஒருமுறை ஏற்றினால் எளிதில் தாங்கும் சுமை, பலமுறை திரும்பத் திரும்ப வந்தால் அதே இரும்பை முறித்துவிடும். சுமை ஓர் எல்லைக்குக் கீழே இருந்தால் எத்தனை முறை வந்தாலும் முறிப்பதில்லை. இந்த இரண்டு முடிவுகளும் பொருளின் ஆயுள் என்ற சொல்லுக்கே புதுப்பொருள் தந்தன. உலோகத்தின் வயதை ஆண்டுகள் சொல்வதில்லை. அது பட்ட பாடுகளின் எண்ணிக்கை சொல்கிறது. இதற்கு ஆங்கிலப் பொறியாளர்கள் 1850களிலேயே ‘சோர்வு’ என்று பெயரிட்டிருந்தனர். உயிருள்ளவற்றுக்கான சொல்லொன்று இரும்புக்கு வந்து பொருந்திய இடம் இது.

3. சங்கிலியின் கண்ணி

வோலரின் சோதனையில் ஒரு சங்கடம் இருந்தது. ஒரே இரும்பு, ஒரே கடைசல், ஒரே சுமை; ஆயினும் ஒரு துண்டு முறிந்த பிறகும் அதன் உடன்பிறப்பு பலமடங்கு காலம் சுற்றிக்கொண்டிருக்கும். எந்தத் துண்டு எப்போது என்று சொல்ல முடியாது. நூறில் எத்தனை என்று மட்டுமே சொல்லலாம். துணி வணிகர் கிராண்டிடமே திரும்பவேண்டியிருந்தது.

சுவீடன் நாட்டார் இங்கே பெரும்பணி செய்தனர். பால் பேரிங் தொழில் அவர்களுடையது. அந்தத் தொழிலில் பணியாற்றிய ஆர்விட் பாம்கிரேன் 1924இல் வெளியிட்ட ஆராய்ச்சியிலிருந்து வளர்ந்த ஒரு வழக்கம் இன்றும் உள்ளது. பேரிங்கின் ‘ஆயுள்’ என்று அட்டவணையில் அச்சிடப்படும் எண், நூற்றில் பத்து பேரிங் பழுதாகிவிடும் காலத்தைக் குறிக்கும். எந்த வணிகர் தம் பொருளைப் பற்றி இப்படிச் சொல்வார்? இத்தனை சுற்றுக்குள் பத்து போகும், தொண்ணூறு நிற்கும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்வதே அந்த எண்ணை நம்பத்தக்கதாக்குகிறது.

வலோடி வெய்புல் (1887–1979) அதே நாட்டவர். கடலோரப் படையில் அதிகாரியாக இருந்து, பின் ஸ்டாக்ஹோமில் பேராசிரியரானார். சங்கிலியை எண்ணிப்பாருங்கள் என்றார். ஒரு கண்ணி அறுந்தால் சங்கிலி அறும். ஆகவே சங்கிலி நிற்கவேண்டுமானால் எல்லாக் கண்ணிகளும் நிற்கவேண்டும். எந்தப் பொருளையும், கண்ணுக்குத் தெரியாத குறைகள் சிதறிக்கிடக்கும் சங்கிலியாகக் கருதலாம். இந்த ஒப்புமையிலிருந்து பிறந்த சூத்திரத்தை 1939இல் வெளியிட்டு, 1951இல் அமெரிக்க இதழொன்றில் விரிவாக எழுதினார். அதில் அவர் எடுத்துக்கொண்ட ஏழு எடுத்துக்காட்டுகளைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். எஃகின் வலிமை உண்டு. எஃகின் சோர்வாயுள் உண்டு. அவற்றோடு இந்தியப் பருத்தி இழையின் வலிமை, பிரிட்டனில் பிறந்த ஆண்களின் உயரம், அவரை இனத்து விதையின் அகலம் ஆகியனவும் உண்டு. சூத்திரத்துக்குக் கோட்பாட்டு அடித்தளம் தேடுவது வீண். எளிய வடிவம் ஒன்றை எடுத்துப் பொருத்திப் பாருங்கள், பொருந்தினால் வைத்துக்கொள்ளுங்கள் என்பது அவர் நிலைப்பாடு. அந்தப் பணிவு எனக்குப் பிடித்திருக்கிறது.

சூத்திரத்தின் மையத்தில் ஓர் எண் உண்டு. அது ஒன்றுக்குக் குறைவாக இருந்தால், பொருள்கள் இளமையில் அதிகம் சாகின்றன. தயாரிப்பில் குறை இருக்கிறது என்று பொருள். ஒன்றாக இருந்தால் வயதுக்கும் முறிவுக்கும் தொடர்பில்லை; நேர்வது தற்செயல். ஒன்றைவிடக் கூடினால் முதுமை, அதாவது தேய்வு. முறிந்த நாள்களைத் தாளில் புள்ளிகளாக வைத்துக் கோடிழுத்தால், கோட்டின் சாய்வே நோயின் பெயரைச் சொல்லிவிடும். மருத்துவர் நாடிபார்ப்பதற்கு ஒப்பான செயல் இது.

4. பெருக்கல்

சங்கிலி உவமையில் பலரும் தவறவிட்ட ஒன்று உண்டு. மிகப் பலவீனமான கண்ணியைக் கண்டுபிடித்துப் பலப்படுத்தினால் போதும் என்றே மனம் நினைக்கும். இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மனியில் பறக்கும் குண்டுகளை வடிவமைத்த ராபர்ட் லூசரும் கணிதவியலாளர் எரிக் பியருஷ்காவும் வேறொன்றைக் கண்டனர். கருவியின் ஒவ்வோர் உறுப்பும் வேலைசெய்தால்தான் கருவி வேலைசெய்யும் என்றால், உறுப்புகளின் நம்பகங்களை ஒன்றோடொன்று பெருக்கவேண்டும். நூறு உறுப்புகள், ஒவ்வொன்றும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நம்பகம். கேட்க நன்றாக இருக்கிறது. பெருக்கினால், கருவி முழுதாக வேலைசெய்யும் வாய்ப்பு நூற்றுக்கு 37தான். குற்றவாளி உறுப்பு ஒன்றும் இல்லை, எல்லாமே நல்லவை, ஆயினும் மூன்றில் இரண்டு கருவிகள் வீழும். தனித்தனியே நல்லவர்கள் சேர்ந்த சபை ஏன் தீய முடிவெடுக்கிறது என்று மகாபாரதம் படித்தவர்கள் கேட்பதுண்டு. இந்தப் பெருக்கலை அங்கேயும் நினைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கு எந்த மண்ணில் முளைத்தது என்பதையும் சொல்லவேண்டும். அந்தக் குண்டுகளும் அவற்றுக்கு இணையான ஏவுகணைகளும் மித்தல்பாவ்-டோரா வதைமுகாமை ஒட்டிய மலைச்சுரங்கங்களில் கைதிகளைக் கொண்டு செய்யப்பட்டன. ஏறத்தாழ 60,000 கைதிகளில் மூன்றில் ஒரு பங்கினர் இறந்தனர். உறுப்புகளை வேண்டுமென்றே பழுதாக்கியதாகச் சந்தேகிக்கப்பட்டவர்கள் தூக்கிலிடப்பட்டனர். பிறவிக் குறை, தற்செயல், தேய்வு என்ற மூன்று வகைகளிலும் அடங்காத நான்காவது முறிவு அது. பட்டினியில் இருந்த ஒருவன் தன் கையால் ஒரு முறுக்காணியைத் தளர்த்திவிட்டிருந்தால், அதை எந்தச் சூத்திரமும் முன்னறிவித்திருக்காது.

5. கடலடியில் 306 குழல்கள்

போருக்குப் பின் சிக்கல் மின்னணுக் கருவிகளுக்கு மாறியது. பழைய வானொலிப் பெட்டியில் நாம் ‘வால்வு’ என்று அறிந்திருந்த வெற்றிடக் குழல்களே அவற்றின் உயிர்நிலை. 1946இல் பென்சில்வேனியாவில் அறிமுகமான எனியாக் என்ற கணிப்பொறியில் ஏறத்தாழ 18,000 குழல்கள். ஒரு குழல் சராசரியாக 18,000 மணி நேரம் உழைக்கும், சாவது தற்செயலாக மட்டுமே என்று வைத்துக்கொண்டால்கூட, மணிக்கு ஒன்று சாகும். வடிவமைத்த எக்கர்ட் குழல்களை அவற்றின் முழுத்திறனுக்குக் கீழேயே வேலைவாங்கினார். பல குழல்கள் சூடேறும்போதும் குளிரும்போதும்தான் சாகின்றன என்று தெரிந்ததும், பொறியை அணைப்பதையே தவிர்த்தனர். இரண்டு நாளுக்கொரு குழல் என்ற அளவுக்குப் பழுது குறைந்தது. 1954இல் 116 மணி நேரம் பழுதின்றி ஓடியதே அதன் நீண்ட சாதனை.

அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1952இல் இதற்கென ஒரு குழுவை அமைத்து, 1957இல் அறிக்கை பெற்றது. நம்பகத்தை எண்ணாகக் குறிப்பிட்டு, சோதித்து நிரூபித்த பிறகே கருவியை வாங்கவேண்டும் என்ற முறை அதிலிருந்து பரவியது. அதைவிட எனக்குச் சுவையாகப்படுவது, அதே காலத்தில் அட்லாண்டிக் கடலடியில் நடந்தது. ஸ்காட்லாந்திலிருந்து நியூபவுண்ட்லாந்துவரை போடப்பட்ட முதல் தொலைபேசிக் கம்பித்தடம் 1956இல் திறக்கப்பட்டது. போகவும் வரவும் இரண்டு வடங்கள், வழியில் குரலுக்கு வலுவூட்ட வடத்துக்கு 51 பெருக்கிகள், பெருக்கிக்கு மூன்று குழல்கள், மொத்தம் 306. ஒன்று பழுதானாலும் கப்பலை அனுப்பி ஆழ்கடலிலிருந்து வடத்தை மேலே தூக்கவேண்டும். பெல் ஆய்வகத்தார் அன்றைய புதுமையான டிரான்சிஸ்டரை நாடாமல், பல்லாண்டு தாம் சோதித்துப் பழகிய பழைய வகைக் குழலையே தேர்ந்தனர். 1978இல் அந்தத் தடம் ஓய்வுபெறும்வரை, இருபத்திரண்டு ஆண்டுகள், அந்தக் குழல்களில் ஒன்றும் பழுதாகவில்லை.

அந்த ஆய்வகத்தில் எட்வர்ட் கேப்ளன் என்ற கணிதவியலாளர் கடலடிக் குழல்களின் ஆயுளை மதிப்பிடுவதில் ஈடுபட்டிருந்தார். நூறு குழல்களைச் சோதனைக்கு வைத்தால், முடிவெடுக்கவேண்டிய நாளில் சிலவே செத்திருக்கும். பல இன்னும் எரிந்துகொண்டிருக்கும். இன்னும் சாகாதவற்றை என்ன செய்வது? ஒதுக்கிவிட்டுச் செத்தவற்றை மட்டும் எண்ணினால், ஆயுள் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். இதே கேள்வியோடு பால் மேயர் என்பவர் நோயாளிகளின் ஆயுளைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருடைய கணக்கிலும் சிலர் இறந்திருந்தனர். சிலர் ஆய்வு முடியும்போதும் உயிரோடிருந்தனர். சிலர் ஊர்மாறிப் போய்விட்டனர். இருவரும் தனித்தனியே ஒரே இதழுக்குக் கட்டுரை அனுப்ப, இரண்டையும் ஒன்றாக்கும்படி ஆசிரியர் கேட்டுக்கொண்டார். 1958இல் வெளியான அந்தக் கூட்டுக் கட்டுரை, எஞ்சியிருப்பவர்களையும் இருந்த நாள்வரை கணக்கில் சேர்க்கும் முறையைத் தந்தது. இன்று புற்றுநோய்ச் சிகிச்சை பற்றிய மருத்துவக் கட்டுரைகளில் படிக்கட்டுப்போல இறங்கும் கோடு ஒன்றைப் பார்க்கலாம்; அது இவர்களுடையது. மனிதரிடமிருந்து எந்திரத்துக்குப் போன கணக்கு, எந்திரத்தின் வழியாக மனிதரிடமே திரும்பி வந்தது.

6. பொய் சொன்ன சோதனை

1952 மே மாதம் பயணிகளுக்கான முதல் ஜெட் விமானச் சேவையைப் பிரிட்டனின் காமெட் தொடங்கியது. 1954 ஜனவரி 10 அன்று ஒரு காமெட், எல்பா தீவருகே நடுவானில் சிதறியது. 35 பேர் மாண்டனர். விமானங்கள் நிறுத்தப்பட்டு, தீ, அதிர்வு என ஐயத்துக்குரிய இடங்களெல்லாம் திருத்தப்பட்டு, மார்ச் மாதம் மீண்டும் பறந்தன. ஏப்ரல் 8 அன்று நேப்பிள்ஸ் அருகே மற்றொன்று அதேபோல் வீழ்ந்தது, 21 பேர்.

பார்ன்பரோ ஆய்வகத்தில் ஒரு முழுக் காமெட்டை நீர்த்தொட்டிக்குள் வைத்து, உள்ளேயும் நீர் நிரப்பி, ஒவ்வொரு பறப்பிலும் உடல் காற்றால் உப்பி அடங்குவதைப்போல அழுத்தம் ஏற்றி இறக்கினர். அது முன்பே 1,221 முறை பறந்திருந்தது. தொட்டியில் மேலும் 1,836 முறை அழுத்தம் தாங்கியபின் உடற்சுவர் கிழிந்தது. சன்னலுக்கென வெட்டிய துளையின் மூலை. ரேங்கின் 1843இல் சுட்டிக்காட்டிய அதே வகை இடம்.

உற்பத்தியாளர்கள் சோதிக்காமல் விட்டவர்கள் அல்லர். முன்னமே ஒரு பகுதியைச் சோதித்திருந்தனர். அது 16,000 முறை தாங்கியது. அப்படியிருந்தும் வானத்தில் ஒரு விமானம் 1,290 பறப்புகளிலும் மற்றொன்று ஏறத்தாழ 900 பறப்புகளிலும் வீழ்ந்தது ஏன்? சோதனைப் பகுதியின் வலிமையை அறிய, அதற்கு முதலில் இருமடங்கு அழுத்தம் கொடுத்திருந்தனர். அந்த மிகையழுத்தத்தில் மூலைகளில் இருந்த உலோகம் சற்றே இழுபட்டுப் படிந்து, சோர்வைத் தாங்கும் தன்மையைப் பெற்றுவிட்டது. பயணிகளோடு பறந்த விமானங்களுக்கு அந்தப் பயிற்சி கிடைக்கவில்லை. சோதிக்கப்பட்டது ஒரு பொருள், விற்கப்பட்டது மற்றொன்று. எவரும் பொய் சொல்லவில்லை. எண் பொய் சொன்னது. தேர்வில் வந்து நிற்கும் மாணவனும் வாழ்க்கையில் போய் நிற்கும் மாணவனும் ஒருவனே என்று நம்பி மதிப்பெண் போடும் எங்களைப் போன்ற ஆசிரியர்கள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்கலாம்.

7. பராமரிப்பு என்னும் தீங்கு

பொருள் முதுமையால் முறிகிறது என்றால், முதுமைக்கு முன்பே மாற்றிவிடலாமே? நெடுங்காலம் விமானப் பராமரிப்பு இந்த நம்பிக்கையில்தான் நடந்தது. இத்தனை மணி பறந்தால் பிரி, மாற்று, பூட்டு. இரண்டாம் உலகப் போரின்போதே இதில் ஐயம் எழுந்தது. உயிரியலாளர் வாடிங்டன் பிரிட்டிஷ் கடலோர விமானப்படையின் பழுதுக் குறிப்புகளை ஆராய்ந்தபோது, ஐம்பது மணிக்கொருமுறை செய்யும் பெரும் சோதனைக்குப் பிந்திய மணிகளில்தான் பழுதுகள் மிகுதி என்று கண்டார். நன்றாக இருந்ததைக் கழற்றி மாட்டியதில் புதுக்குறைகள் புகுந்துவிட்டன.

1978இல் யுனைடெட் ஏர்லைன்ஸ் பொறியாளர்கள் நோலனும் ஹீப்பும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக எழுதிய நூல் இதை முழுமையாக்கியது. விமான உறுப்புகளின் முறிவுக் கோடுகளை ஆறு வகையாகப் பிரித்தனர். புகழ்பெற்ற குளியல்தொட்டிக் கோட்டில் அடங்கியவை நூற்றுக்கு 4. ஏதோ ஒரு வகையில் முதுமை காட்டியவை எல்லாம் சேர்த்து 11. எஞ்சிய 89 விழுக்காட்டு உறுப்புகளுக்கு வயதுவரம்பு வைப்பதால் பயனில்லை. அவற்றிலும் 68 விழுக்காடு, தொடக்கத்தில் மட்டும் அதிகம் முறிந்து பிறகு சீராக நிற்பவை. அவற்றை மாற்றுவது, தேர்ந்த முதியவரை அனுப்பிவிட்டுத் தேறாத குழந்தையை அழைத்து வருவதற்கு ஒப்பாகும். டிசி-8 விமானத்தில் 339 உறுப்புகளுக்குக் காலவரம்புச் சீரமைப்பு விதிக்கப்பட்டிருந்தது. பின்வந்த டிசி-10இல் ஏழே உறுப்புகளுக்கு. பாதுகாப்பு குறையவில்லை. எதைத் தொடக்கூடாது என்பதையும் முறிவுக் கணக்கு சொல்லித்தந்தது.

8. வராத பதினேழு

கணக்கு இத்தனை தூரம் வளர்ந்த பிறகு நடந்தது, 1986 ஜனவரி 28. சேலஞ்சர் விண்ணோடம் ஏவப்பட்ட 73ஆவது வினாடியில் சிதறியது, எழுவர் மாண்டனர். பக்க ராக்கெட்டின் இணைப்பில் இருந்த ரப்பர் வளையம் குளிரில் இறுகி, நெருப்பை விட்டுவிட்டது. முந்தைய இரவில் ராக்கெட் நிறுவனப் பொறியாளர்கள் குளிரைக் காட்டி ஏவவேண்டாம் என்று வாதாடினர். மேலிடம் கேட்டது: குளிருக்கும் பழுதுக்கும் தொடர்பு உண்டென்பதற்குச் சான்று எங்கே?

அன்று ஒப்பிடப்பட்டவை வளையத்தில் பழுது கண்ட பயணங்கள் மட்டுமே. அவை ஏழு. குளிர்ந்த நாளிலும் பழுது, வெப்பமான நாளிலும் பழுது; தொடர்பு ஏதும் தெரியவில்லை. விசாரணை ஆணையம் பின்னர், பழுதே காணாத 17 பயணங்களையும் அதே தாளில் சேர்த்து வரைந்தது. பாரன்ஹீட் 66 பாகையும் அதற்கு மேலுமாக இருந்த 20 பயணங்களில் பழுது கண்டவை மூன்று. 63 பாகையும் அதற்குக் கீழுமாக இருந்த நான்கில் பழுது கண்டவை நான்கும். அன்று காலையோ, உறைநிலையை ஒட்டிய குளிர்.

விசாரணையில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மேன், விண்ணோடம் இழக்கப்படும் வாய்ப்பு எவ்வளவு என்று கேட்டுப்பார்த்தார். பணிசெய்யும் பொறியாளர்கள் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் சொன்னார்கள். நிருவாகத்தார் இலட்சத்துக்கு ஒன்று என்றார்கள். நாளுக்கு ஒன்றாக முந்நூறு ஆண்டு ஏவினாலும் ஒன்றைத்தான் இழப்போம் என்பது இரண்டாவது எண்ணின் பொருள். 2011இல் அந்தத் திட்டம் முடிவுற்றபோது மொத்தம் 135 பயணங்கள் நடந்திருந்தன. இழந்தவை இரண்டு, சேலஞ்சருக்குப் பின் 2003இல் கொலம்பியா.

நம்பகத்தைக் கணிக்கும் கலையை எதிர்காலம் சொல்லும் சோதிடமாகப் பலர் நினைக்கின்றனர். எனக்கு அது கணக்குப்பிள்ளையின் நாணயத்தை நம்பியிருக்கும் தொழிலாகத் தோன்றுகிறது. முறிந்ததை மறைக்காமல் எழுதவேண்டும். எப்போது, எத்தனை பாடுகளுக்குப் பின் என்று எழுதவேண்டும். இன்னும் முறியாமல் நிற்பதையும் விடாமல் எழுதவேண்டும். கிராண்ட் தொடங்கிக் கேப்ளன்வரை அனைவரும் செய்தது இவ்வளவே. அப்போதும் அந்த எண் கூட்டத்தைப் பற்றி மட்டுமே பேசும். விமானத்தில் ஏறும் ஒருவருக்கு, தொண்ணூறில் ஒருவரா பத்தில் ஒருவரா என்று அது சொல்லாது. சொல்ல முடிந்ததைச் சொல்லாமல் விடுவதுதான் பிழை. 1986ஆம் ஆண்டின் அந்த இரவில், ஒரு குறையும் இல்லாமல் திரும்பி வந்த பதினேழு பயணங்கள் எச்சரித்துக்கொண்டிருந்தன. அவை அன்றைய தாளில் இடம்பெறவில்லை.